வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுத்த இடத்தில் சரியாக நடத்தவில்லை: புகார் செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த மெடிக்கலைப் பற்றியது?

சவூதி, குவைத், ஓமன், பஹ்ரைன் என்று வேலைக்குப் போகிறவர்கள் விசா அடிப்பதற்கு முன்னால் இங்கேயே எடுக்க வேண்டிய உடல் பரிசோதனையைப் பற்றியது. ஊர்ப்பக்கம் இன்னும் ‘காம்கா மெடிக்கல்’ என்றுதான் சொல்கிறோம். இப்போது பதிவு நடப்பது வாஃபித் என்ற இணையதளத்தில். ரியாத்தில் இருக்கும் வளைகுடா சுகாதாரக் கவுன்சில் அங்கீகரித்த மையங்களில் மட்டுமே எடுக்க முடியும். சென்னை, திருச்சி போன்ற ஊர்களில் இந்த மையங்கள் இருக்கின்றன. எந்த மையம் என்பதைப் பல நேரம் தளமே ஒதுக்கிவிடும். பிடிக்கவில்லை என்று எழுந்து வேறு லேபுக்குப் போய்விட முடியாது. இங்கே நடக்கும் அலட்சியம் சாதாரண லேபில் நடப்பதைவிட அதிகமாகக் காயப்படுத்துவதற்கு அதுதான் காரணம்.

கத்தாருக்குப் போகிறவர்களுக்கு சென்னையில் உள்ள கத்தார் விசா மையம் தனி வழி. கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கேயும் பொருந்தும். புகார் போகும் இடம் மட்டும் மாறும்.

காலையிலிருந்து நிற்க வைத்தார்கள், எரிந்து விழுந்தார்கள். இதற்கெல்லாம் புகார் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நடந்தது உங்கள் ரிசல்ட்டைத் தொடுமா, தொடாதா?

ரத்தக் குழாயில் பெயர் மாறியிருக்கலாம் என்ற சந்தேகம், எக்ஸ்ரே எடுக்கும்போது ஆள் அசைந்துவிட்டது, இரத்த அழுத்தம் பார்த்த விதம் சரியில்லை. இவையெல்லாம் ரிசல்ட்டைத் தொடுகிறவை. இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அங்கேயே, கவுன்டரை விட்டு நகரும் முன்பே பேச வேண்டும். ரிசல்ட் கணினியில் ஏறிய பிறகு அதே விஷயத்தைச் சொன்னால், தோற்றவன் சொல்லும் சாக்காகத்தான் கேட்பவர் காதில் விழும்.

மரியாதைக் குறைவு, காத்திருப்பு, அழுக்கான கழிவறை, உட்கார நாற்காலி இல்லாதது, ரசீது இல்லாமல் பணம் வாங்கியது ஆகியவை ரிசல்ட்டைத் தொடாதவை. இதற்கு அவசரமில்லை. விசா கைக்கு வந்த பிறகு எழுதினாலும் அதே எடைதான். நுகர்வோர் சட்டம் இரண்டு ஆண்டு அவகாசம் தருகிறது.

எந்தக் குறைக்கு எப்போது வாய் திறப்பது என்பதை முடிவு செய்துவிட்டால், புகார் செய்வதா வேண்டாமா என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

வாயைத் திறந்தால் அன்ஃபிட் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறதே?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வட்டிக்கு வாங்கி ஏஜென்ட்டிடம் பணம் கட்டியவருக்கு அந்த ஒரு வார்த்தை குடும்பத்தையே அசைத்துவிடும். கோப்பு அவர்கள் கையில் இருக்கும்போது சண்டை போடச் சொல்லி உங்களை நான் உசுப்பிவிட மாட்டேன்.

ஆனால் திருத்தம் கேட்பது சண்டை இல்லை. “சார், குழாயில் ஒட்டியிருக்கிற பெயரை ஒரு தடவை பார்த்துக்கலாமா?” என்று கேட்பதற்கு யாரும் அன்ஃபிட் போட மாட்டார்கள். பெயர் மாறினால் தலைவலி அவர்களுக்கும்தான். குரலை உயர்த்தாமல், அந்த நேரத்திலேயே, அந்த வேலையைச் செய்கிறவரிடமே கேளுங்கள். அவர் முறைத்தால் மேலாளரைக் கேளுங்கள். வேண்டுமென்றே பொய்யான ரிசல்ட் போடுவது குற்றம். மையத்தின் அங்கீகாரமே போய்விடும் அளவுக்குப் பெரிய விஷயம் அது.

ரிசல்ட்டைத் தொடுகிற தவறுகளை நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு மருத்துவம் தெரியாதே.

தெரிய வேண்டியது கொஞ்சம்தான்.

எக்ஸ்ரேயிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இந்த மெடிக்கலில் எக்ஸ்ரேயால் அன்ஃபிட் ஆகிறவர்கள் உண்டு. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல் நுனியைக் காசநோய்க்காகக் கூர்ந்து பார்ப்பார்கள். பெண்களின் பின்னல் தோளில் கிடந்தால் அந்த இடத்தில் நிழல் விழும். தாயத்து, செயின், சட்டைப் பொத்தான், உள்ளாடைக் கொக்கி எல்லாமே படத்தில் தெரியும். இவற்றைக் கழற்றச் சொல்வதும் முடியை உயர்த்திக் கட்டச் சொல்வதும் எக்ஸ்ரே எடுப்பவரின் வேலை. சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து நிறுத்த வேண்டும். அரைகுறை மூச்சில் எடுத்த படத்தில் இதயம் பெரிதாகத் தெரியும், நுரையீரலின் அடிப்பகுதி மங்கலாகத் தெரியும். “மூச்சு இழு” என்று சொல்லி முடிப்பதற்குள் பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்றால், படம் சரியாக விழுந்ததா என்று கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

இரத்த அழுத்தம். மூன்று மாடி ஏறி, வரிசையில் தள்ளுமுள்ளுப் பட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு உடனே பட்டையைக் கட்டினால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, சிறுநீர் கழித்துவிட்டு, கையை இதய உயரத்தில் மேசை மேல் வைத்து எடுப்பதுதான் முறை. கூடுதலாக வந்தால் “கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன், மறுபடி பார்க்கலாமா?” என்று கேளுங்கள். நியாயமான மருத்துவர் யாரும் இதை மறுக்க மாட்டார்.

ரத்தம் எடுக்கும்போது ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். குழாயில் உங்கள் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். ஒரே மேசையில் நாலு பேருக்கு வரிசையாக எடுத்து, எல்லாக் குழாயையும் எடுத்து முடித்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டினால் அது பெரிய தவறு. கண்ணில் பட்டால் உடனே சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டென்றால் அது இதுதான். அடுத்தவர் ரத்தத்துக்கு வரும் ரிசல்ட் உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் ஏறிவிட்டால், அதை மாற்ற நீங்கள் படும் பாடு கொஞ்சமாக இருக்காது.

நீங்கள் சொல்ல வேண்டியதும் உண்டு. மெடிக்கலுக்குப் போகும் முன் இரண்டு மூன்று வாரத்துக்குள் மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசி போட்டிருந்தால், நோய் இல்லாமலேயே ரத்தத்தில் ‘பாசிட்டிவ்’ காட்ட வாய்ப்பு உண்டு. தடுப்பூசிச் சீட்டைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் போவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

எனக்கு ஃபிட் வந்துவிட்டது. எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் செய்தார்கள், ஆனால் இனி எனக்கென்ன?

இறங்கிய பிறகு இன்னொரு மெடிக்கல் இருக்கிறதே! சவூதியில் இக்காமா என்ற தங்கும் அனுமதி போடும் முன் மறுபடி ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். மற்ற வளைகுடா நாடுகளிலும் இதுதான் நடைமுறை. இங்கே அரைகுறையாகப் பார்த்து ஃபிட் கொடுத்து, அங்கே உண்மை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடனும் கையுமாகத் திரும்பி வருவது, இங்கேயே அன்ஃபிட் ஆவதைவிடக் கொடுமை. எக்ஸ்ரேயே எடுக்காமல் ‘எடுத்ததாக’ எழுதிக் கொடுத்த இடம் உங்களுக்குச் சலுகை செய்யவில்லை. உங்களை அதிர்ஷ்டத்தை நம்பி விமானம் ஏற்றிவிட்டது. சந்தேகம் இருந்தால் கிளம்பும் முன் சொந்தச் செலவில் வெளியே ஒரு நல்ல இடத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அன்ஃபிட் வந்துவிட்டது. மையத்தின் மேல்தான் கோபம் வருகிறது.

முதலில் விதிக்கும் சேவைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். எப்போதோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால்கூட அன்ஃபிட் போடுகிறார்கள். அது வளைகுடா நாடுகள் வைத்திருக்கும் விதி. இப்போது நோய் இல்லாத ஒருவருக்கு அது அநியாயமாகப் படும், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் திருச்சியில் இருக்கும் மையத்தின் மீது புகார் கொடுத்து அந்த விதியை மாற்ற முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி ஆகியவையும் அப்படித்தான்.

ரிசல்ட்டே தப்பு என்று நம்ப உங்களிடம் காரணம் இருந்தால் அது வேறு கதை. அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி.க்கு அங்கே உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாக, ரகசியமாகப் பரிசோதிப்பார்கள். காசநோய்க்குச் சளிப் பரிசோதனையும் இலவசம். பால்வினை நோய்க்கான வி.டி.ஆர்.எல். பரிசோதனை சில நேரம் நோயே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டும். அதனால் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனையில் உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். வெளியே வந்த ரிசல்ட் மாறாக இருந்தால், அதன் நகலோடு மையத்துக்கு எழுத்தில் மறுபரிசோதனை கேளுங்கள். அந்த வெளி ரிசல்ட் நேரடியாக வாஃபித் பதிவை மாற்றாது. ஆனால் உங்கள் புகாருக்கு முதுகெலும்பு அதுதான்.

அன்ஃபிட் என்பது பாஸ்போர்ட் எண்ணோடு பதிவாகிவிடும், அதனால் வேறு மையத்தில் புதிதாகத் தொடங்க முடியாது. “வேறு பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன், ஃபிட் வாங்கித் தருகிறேன்” என்று யாராவது வந்தால் கிட்டவே சேர்க்காதீர்கள். பணமும் போகும், வழக்கும் வரும். உண்மையிலேயே நோய் இருப்பது உறுதியானால், புகாரைத் தள்ளி வைத்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்குங்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் தர மாட்டேன் என்கிறார்கள்.

தர வேண்டும். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள். இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அதையே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ‘ஆன்லைனில் பார்த்துக்கோ’ என்று சொன்னால் போதாது. ஆன்லைனில் தெரிவது ஃபிட்டா அன்ஃபிட்டா என்ற முடிவு. எதனால் அந்த முடிவு வந்தது என்பது ரத்த அறிக்கையிலும் எக்ஸ்ரே படத்திலும்தான் இருக்கும்.

சொன்ன கட்டணத்தைவிடக் கூடுதலாக வாங்கினார்கள்.

வாஃபித் தளத்தில் பதிவுக்குக் கட்டுவது தனி, மையத்தில் பரிசோதனைக்குக் கட்டுவது தனி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மையத்தில் கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். படம் சரியாக விழவில்லை என்று அவர்களே இரண்டாவது எக்ஸ்ரே எடுத்தால், அதற்கும் உங்களிடம் பணம் கேட்பது நியாயமே இல்லை. தடுப்பூசிக்கு என்று தனியாக வாங்கினால், போட்டதற்கான சீட்டு வேண்டும். முடிந்தவரை ஜிபே போன்றவற்றில் கட்டுங்கள், தேதியும் தொகையும் போனிலேயே நிற்கும்.

‘அன்ஃபிட் வராமல் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் கேட்டால் அது சேவைக் குறை இல்லை, மோசடி. அதற்குப் போலீஸ் புகார்தான்.

பெண்ணாகப் போனேன். பரிசோதனை அறையில் ஆண்கள் மட்டுமே இருந்தார்கள்.

இதில் ‘பரவாயில்லை, முடிந்துவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் உடன் இருக்க வேண்டும் என்பது மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றுக்கொண்ட நோயாளிகள் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. அறைக்குள் போகும் முன்பே கேட்கலாம்: “லேடி ஸ்டாஃப் வரட்டும், காத்திருக்கிறேன்.” யாராவது தகாத முறையில் தொட்டால் அல்லது பேசினால், விசா வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைக்கலாம், அருகில் உள்ள மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் ஏஜென்ட்டுக்குப் பயந்து இதை வெளியே சொல்லாமலே விமானம் ஏறுகிறார்கள். அவர்களோடு துணைக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது கவனிக்க வேண்டும்.

எல்லார் முன்னாலும் என் நோயைச் சத்தமாகச் சொல்லிவிட்டார்கள்.

எந்த நோயானாலும் தவறு. எச்.ஐ.வி. என்றால் சட்டமீறல். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகுதான் பரிசோதிக்க வேண்டும். முடிவை உங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியில் சொல்லக்கூடாது. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டு ‘உன் ஆளுக்கு இது இருக்கு’ என்று சொல்வதும் இதில் அடங்கும். எந்த நேரம், யார் சொன்னார்கள், அருகில் யார் இருந்தார்கள் என்பதை மறக்கும் முன் எழுதி வையுங்கள்.

ஏஜென்ட் ‘புகார் எல்லாம் வேண்டாம், விசா போயிடும்’ என்கிறார்.

மையம் தருவது மருத்துவ முடிவு. விசா கொடுப்பது அந்த நாட்டு அரசோ தூதரகமோ. ஃபிட் ஏறிவிட்ட பிறகு, கழிவறை அழுக்கு என்று நீங்கள் எழுதிய கடிதம் தூதரகத்துக்குப் போகாது. ஏஜென்ட்டுக்கு அந்த மையத்தோடு தினமும் வேலை இருக்கும், அதனால் அவர் அப்படித்தான் சொல்வார். அவர் சிரமம் புரிகிறது. ஆனால் மையத்தோடு அவருக்குள்ள உறவைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு இல்லை. உங்களுக்கும் அவரைப் பகைக்க மனம் இல்லை என்றால், விசா அடித்த பிறகு எழுதுங்கள்.

சரி, எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். யாருக்கு?

முதலில் மையத்தின் மேலாளருக்கு. பாதி விஷயங்கள் இங்கேயே முடியும், குறிப்பாகப் பணம் திரும்பக் கேட்பது. இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், மேலே இருப்பவர்கள் ‘அவர்களிடம் கேட்டீர்களா?’ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

பரிசோதனை முறையில் குறை என்றால் வாஃபித் தளத்தின் தொடர்புப் பகுதி வழியாக வளைகுடா சுகாதாரக் கவுன்சிலுக்கு எழுதுங்கள். ஆங்கிலத்தில், சுருக்கமாக, வாஃபித்தில் பதிவு செய்தபோது கிடைத்த ஸ்லிப்பின் எண்ணோடு. மையத்துக்கு அங்கீகாரம் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

சுத்தம், ஊசி, தகுதி இல்லாத ஊழியர் போன்ற குறைகளுக்கு, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 இருக்கிறது. லேபுகளும் அதில் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்ட மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு கொடுக்கலாம். மருத்துவர் ஒருவரின் நடத்தை பற்றி என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில்.

பணமும் நஷ்டஈடும் என்றால் நுகர்வோர் வழி. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். மையம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. கட்டணத்தை ஏஜென்ட் கட்டியிருந்தாலும், சேவையைப் பெற்றவர் என்ற முறையில் நீங்களும் நுகர்வோர்தான்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

கோபத்தைக் குறைத்து, விவரத்தைக் கூட்டுங்கள். இப்படி:

“ஐயா, இன்ன தேதியில் இன்ன ஸ்லிப் எண்ணில் தங்கள் மையத்தில் பரிசோதனைக்கு வந்தேன். காலை 8 மணிக்கு டோக்கன் பெற்றேன். 11 மணி அளவில் ரத்தம் எடுத்த அறையில், எனக்கும் இன்னும் மூவருக்கும் ரத்தம் எடுத்து முடித்த பிறகே குழாய்களில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. இதை அப்போதே ஊழியரிடம் தெரிவித்தேன், பதில் இல்லை. என் ரத்த மாதிரியை மறுபடி எடுத்துப் பரிசோதிக்கும்படியும், என் அறிக்கைகளின் நகலைத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.”

இவ்வளவு போதும். என்ன நடந்தது, என்ன வேண்டும் என்ற இரண்டும் இருக்கிறது. கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் ‘தக்க நடவடிக்கை எடுக்கவும்’ என்று முடித்தால் எந்த நடவடிக்கையும் வராது.

கூகுளில் ஒரு ஸ்டார் போட்டால் போதாதா?

அடுத்து வருகிறவருக்கு அது உதவும், போடுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். ‘திருடர்கள்’, ‘ஃபிராடு’ என்று எழுதினால் அவதூறு வழக்கு என்று மிரட்ட அவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும். உள்ளே வீடியோ எடுத்துப் போடவும் வேண்டாம். அதில் தெரிவது உங்களைப் போலவே கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களின் முகம்.

ஒரு ஊழியர் கத்தினார், அவ்வளவுதான். அதற்காக இவ்வளவு மெனக்கெடணுமா?

மனசு ஆறிவிட்டால் விட்டுவிடலாம். முந்நூறு பேர் வரிசையில் நிற்க, இரண்டே பேர் கவுன்டரில் இருந்தால் அவர்களுக்கும் பொறுமை போகத்தான் செய்யும். அந்த ஊழியரின் பெயரைப் போட்டு எழுதுவதைவிட, ‘இத்தனை கூட்டத்துக்கு ஆள் போதவில்லை, உட்கார இடமில்லை’ என்று நிர்வாகத்துக்கு எழுதுவது நல்லது. ஆனால் படிக்கத் தெரியாதவரிடமோ வயதானவரிடமோ தொடர்ந்து அப்படி நடப்பதைப் பார்த்தால், உங்களுக்கு நடக்காவிட்டாலும் எழுதுங்கள். அவர்களால் எழுத முடியாது.

நான் சவூதி வந்து சேர்ந்துவிட்டேன். இப்போதும் முடியுமா?

முடியும். மேலாளருக்கும் கவுன்சிலுக்கும் மின்னஞ்சல் போதும். நுகர்வோர் புகாரை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் அங்கிருந்தே பதிவு செய்யலாம், அல்லது வீட்டில் ஒருவருக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக் கணக்கு சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓடுகிறது, முதல் லீவுக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் தாண்டிவிடும். ரசீது, ஸ்லிப், அறிக்கை மூன்றையும் கிளம்பும் முன்பே படமெடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்துவிடுங்கள்.